துருசும் மண்வேலையும்: வன்னிக் கிராமங்கள் பெற்ற அரசாங்க மானியங்களின் சரித்திரம்

மிசன் பாடசாலையிலே யான் படித்த காலத்தில் இலங்கைச் சரித்திரம் என்பது பெரும்பாலும் தேசாதிபதிகளின் பெயர்வரிசையாகவே எங்கள் மனத்திற் பதிந்திருந்தது. வோட், கிறகோரி, கோடன், ஹவலொக் என்று ஆண்டுகளோடு மனனஞ் செய்து, பரீட்சைத் தாளில் ஒப்புவித்து, மறுநாளே மறந்துவிடுவோம். அப்பெயர்களுக்கும் எங்கள் ஊர்க் குளக்கட்டுக்கும் ஏதேனும் சம்பந்தம் இருக்கக்கூடும் என்று எங்களுள் ஒருவரும் கனவிலும் எண்ணியதில்லை.

ஒரு விடுமுறையின்போது என் பேரனாருடன் குளக்கட்டிலே நடந்து சென்றேன். பழைய துருசினருகே அவர் நின்று, “தம்பி, இது கவுண்மேந்து தந்தது, கட்டு ஊர் போட்டது. அதுதான் அந்தநாள் கணக்கு” என்றார். அந்த ஒரு வாக்கியத்தின் பொருளை முற்றாக விளங்கிக்கொள்வதற்கு யான் பல்கலைக்கழக நூல்நிலையம் வரை செல்ல நேர்ந்தது. அங்கு அறிந்துகொண்டவற்றையே நம் சங்கத்து இளைஞர்க்கும் பெரியோர்க்கும் இம்மலர் வாயிலாகச் சமர்ப்பிக்கின்றேன். அரசாங்கம் ஒரு பிரதேசத்தின் விருத்திக்காகக் கொடுக்கும் பணம் எப்பொழுது பயன் தருகின்றது, எப்பொழுது வீணாகின்றது என்பதே இக்கட்டுரையின் விசாரணையாகும்.

துருசு அரசினது, கட்டு ஊரினது

இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தைப் பிரித்தானியர் 1832ஆம் ஆண்டில் ஒழித்தனர். மனிதனை அடிமைபோல் வேலைவாங்கும் வழக்கம் ஒழிந்தது நன்மையே. ஆயினும் அதனோடு சேர்ந்து வேறொன்றும் தளர்ந்தது. வருடந்தோறும் ஊரார் ஒன்றுகூடிக் குளக்கட்டைத் திருத்தி, வாய்க்காலைத் துப்புரவு செய்யும் நியதி பல இடங்களில் நிலைகுலைந்தது. வரண்ட வலயத்திலே கட்டு உடைந்த குளமென்பது ஆளில்லாத ஊர் என்றே பொருள்படும். காடு வயலைப் பிடித்தது. காய்ச்சல் ஊரைப் பிடித்தது.

1855 முதல் 1860 வரை தேசாதிபதியாயிருந்த சேர் ஹென்றி வோட் இதனைக் கண்டு, 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை இயற்றுவித்தார். நெற்செய்கை, நீர்ப்பாய்ச்சல் ஆகியன பற்றிய பழைய ஊர்வழக்கங்களுக்கு அச்சட்டம் மறுபடியும் வலுவளித்தது. புதிய விதியொன்றை மேலிருந்து சுமத்தாமல், ஊரிலே முன்னிருந்த விதியைச் சட்டமாக்கியமையே அதன் சிறப்பு எனலாம்.

அவருக்குப் பின் 1872 முதல் 1877 வரை ஆண்ட சேர் வில்லியம் கிறகோரியின் காலத்திலேதான் என் பேரனார் சொன்ன ‘கணக்கு’ வழக்கிற்கு வந்தது. அக்காலத்தில் நுவரகலாவியாப் பகுதி நமது வடமாகாணத்தோடு சேர்ந்திருந்தது. 1873இல் அது பிரிக்கப்பட்டு வடமத்திய மாகாணம் எனப் புதிய மாகாணமாயிற்று. அங்கே கிராமக் குளங்களைத் திருத்துவதற்கு ஓர் எளிய முறை கையாளப்பட்டது. ஊரார் தமது உடலுழைப்பினாலே கட்டின் மண்வேலையைச் செய்து முடித்தல் வேண்டும். அவ்வாறு செய்த ஊருக்கு அரசாங்கம் துருசை இலவசமாகக் கொடுக்கும். மண்ணை வெட்டிச் சுமப்பது ஊராரால் இயலும். துருசு செய்விப்பது அவர்களால் இயலாது. இயலாததை அரசு கொடுத்தது. இயன்றதை ஊரிடமே விட்டது. இம்முறை வன்னிக் கிராமங்களிலும் பின்னர் பரவலாயிற்று.

இக்காலத்திலே உலகெங்கும் பொருளியலாளர் ‘ஈட்டு மானியம்’, ‘பங்களிப்பு நிதி’ என்று பல பெயரிட்டுப் பேசுவது இதனையேயன்றி வேறொன்றையன்று. ஆனாலும் இம்முறைக்கு ஒரு குறையும் இருந்தது என்பதை மறைத்தல் சரித்திரத்துக்கு நீதியாகாது. பஞ்சத்தாலும் காய்ச்சலாலும் ஆட்கள் குறைந்து, மண்வேலைக்கே தோள் இல்லாத ஊர்கள் துருசைப் பெற மாட்டாமற் போயின. அதிகந் தேவையுடைய ஊரே பின்தள்ளப்பட்டது. இந்தச் சிக்கல் இன்றைக்கும் தீராத ஒன்றாகும்.

1887இல், சேர் ஆதர் கோடன் தேசாதிபதியாயிருந்தபோது, நீர்ப்பாசனச் சபைகள் அமைக்கப்பட்டு, தானிய வரியில் நாலிலொரு பங்கு நீர்ப்பாசன வேலைகளுக்கென ஒதுக்கப்பட்டது. கமக்காரன் கொடுத்த வரியில் ஒரு பங்கு கமக்காரனின் குளத்துக்கே திரும்பியது. ஹவலொக்கின் ஆட்சியில் 1892இல் அத்தானிய வரியை நீக்கத் தீர்மானித்தனர். வரியின் பளு நீங்கியது பெரிய ஆறுதல். ஆயினும் வரிக்கும் வாய்க்காலுக்கும் இடையே இருந்த நேர்க்கோடும் அதனோடு அறுந்தது. அதன் பின் குளத்துக்கான பணம் பொதுத் திறைசேரியிலிருந்தே வரவேண்டியதாயிற்று. 1900ஆம் ஆண்டில் நீர்ப்பாசனத் திணைக்களம் தாபிக்கப்பட்டது. அக்காலத்து வன்னியின் நிலையை அறிய விரும்புவோர், ஜே. பி. லூயிஸ் என்னும் சிவில் உத்தியோகத்தர் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலை வாசித்தல் நன்று.

நம் ஆறும் இரணைமடுவும்

கனகராயன் ஆறு நம் ஊரின் பெயரோடு ஒன்றியது. வவுனியாவின் வடபகுதியிலே தோன்றி, வடக்கு நோக்கி ஓடி, இரணைமடுவை நிரப்பிச் சுண்டிக்குளக் கடனீரேரியிலே கலக்கின்றது. இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கி 1920இல் நிறைவெய்தியது. பின்னரும் அதன் அணை பலமுறை உயர்த்தப்பட்டது. இவ்வளவு பெரிய வேலை எந்த ஊராரின் மண்வெட்டியாலும் ஆகக்கூடியதன்று. முழுவதும் அரசாங்கப் பணத்தாலேயே ஆயது.

குளம் கட்டி முடிந்தபின்னும் நீண்டகாலம் வயல் செய்ய ஆட்கள் போதவில்லை. 1931 முதல் விவசாய, காணி மந்திரியாயிருந்த டி. எஸ். சேனநாயக்காவின் முயற்சியால் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டாகிய 1936இல், யாழ்ப்பாணக் குடாநாட்டின் சனநெருக்கத்தையும் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் தணிக்கும் நோக்கத்தோடு கிளிநொச்சிக் குடியேற்றம் உருவாயிற்று. இலங்கையின் பெரிய குடியேற்றத் திட்டங்களிற் குடியேறியோருக்குக் காடு வெட்டிய காணி, வீடு, முதல் விளைச்சல் வரை பிழைப்பூதியம் என்று பலவகை உதவிகள் கிடைத்தன. ஐந்து ஏக்கர் வயலும் மூன்று ஏக்கர் மேட்டு நிலமும் ஒரு குடும்பத்துக்கு என்ற அளவு பல திட்டங்களிற் பின்பற்றப்பட்டது. பிற்காலத்தில் அது குறைந்துகொண்டே வந்தது. இவற்றையெல்லாம் நேரிற் கண்டு ஆராய்ந்த பி. எச். பாமர் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர் 1957இல் வெளியிட்ட நூல் இத்துறையில் இன்றும் முதனூலாய் விளங்குகின்றது.

இங்கே நம் ஊரார் சிந்திக்கவேண்டிய விடயம் ஒன்றுண்டு. ஆற்றின் பெயர் நம்முடையது. பெருங்குளத்தின் பாய்ச்சலோ நமக்கு வடக்கே உள்ளது. மேல்நிலத்திலிருக்கும் நமக்குக் கைகொடுப்பவை மழையை நம்பிய சிறு குளங்களே. பெரிய வேலைக்குப் பெரிய பணம் வரும், பத்திரிகையிற் படமும் வரும். சிறிய குளத்துக்குத் துருசுப் பலகை மாற்றுவதற்கும் நாலு முறை கந்தோர் ஏறவேண்டும். இதனை யான் பொறாமையாற் கூறவில்லை. கிளிநொச்சி வயல்கள் விளைந்தால் நாமும் உண்போம். ஆயினும் ஓர் ஆற்றுப்படுகையை ஒன்றாக நோக்கித் திட்டமிடாதவரை, கீழ்ப்பக்கத்துக்குச் செய்த நன்மை மேற்பக்கத்துக்கு எட்டாது.

ஒரு நதிப்படுகை முழுவதையும் ஒரே திட்டத்தினுள் அடக்கும் எண்ணம் உலகுக்குப் புதியதன்று. அமெரிக்காவில் 1933இல் தோன்றிய தென்னசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபை அதற்கு முதலுதாரணம். அதனைப் பார்த்தே 1949இல் இலங்கையிற் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது.

விலையும் ஒரு மானியமே

மானியம் என்றால் பணமாகவே கையிற் கொடுபடவேண்டும் என்பதில்லை. 1948இல் ஏற்பட்ட நெல்லுக்கான உத்தரவாத விலைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1950களிலே புசல் ஒன்றுக்கு 12 ரூபா என்று அரசாங்கம் விலை நிர்ணயித்துக் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் நெல்லை வாங்கியது. அறுவடைக்கு முன்னரே விலை தெரிந்திருந்தமையாற் கமக்காரன் துணிந்து முதலிட்டான். 1958இல் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையம் எச்-4 என்னும் புதுநெல்லை வெளியிட்டபோது, அதனைப் பரீட்சித்துப் பார்க்கும் தைரியம் கமக்காரனுக்கு உண்டானதற்கு அந்த நிச்சய விலையும் ஒரு காரணம் எனல் பொருந்தும். புதுமை என்பது நட்டத்துக்கு அஞ்சாதவனால் மட்டுமே செய்யக்கூடியது; ஏழையின் அச்சத்தைக் குறைப்பதே அரசாங்கம் அவனுக்குச் செய்யும் பேருதவி. அதே 1958ஆம் ஆண்டில் பிலிப் குணவர்த்தனாவின் நெற்காணிச் சட்டம் நிறைவேறியது. அதன்படி பயிர்ச்செய்கைக் குழுக்கள் அமைக்கப்பட்டு, ஊர்வயலின் காரியம் ஊராரின் கைக்கு வந்தது.

1960களின் பிற்பகுதியில் முத்தையன்கட்டு, விசுவமடு முதலிய இடங்களிலே படித்த வாலிபர்க்கான குடியேற்றத் திட்டங்கள் ஆரம்பமாயின. குளத்து நீரை இயந்திரத்தால் மேட்டு நிலத்துக்கு ஏற்றி, நெல்லை விட்டு மிளகாயும் வெங்காயமும் செய்தனர். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தமையால் அவற்றுக்கு நல்ல விலை கிடைத்தது. கையிற் புத்தகம் பிடித்த வாலிபர் மண்வெட்டி பிடிக்க நாணாத காலம் அது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வந்து குவிந்தன. செய்கையாளர் தலையிற் கைவைத்தனர். மானியமாகக் கிடைத்த நிலமும் நீரும் அப்படியே இருந்தன. அவற்றைத் தாங்கிநின்ற விலைதான் ஒரே நாளில் விழுந்தது.

உர மானியத்தின் கதையும் இதனை ஒத்தது. 1962இல் தொடங்கிய அம்மானியம் பலவாறு மாறி, 2005இன் பின் ஐம்பது கிலோ மூடை 350 ரூபா என்ற அளவுக்கு வந்தது. கமக்காரன் அதற்கே பழகினான். தொழுவுரமும் பசளைத்தழையும் வழக்கொழிந்தன. 2021ஆம் ஆண்டு நடுப்பகுதியில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்ற நிலையிலே நின்றான். அவ்வாண்டு முடியுமுன்னரே தடை நீக்கப்பட்டது. வயலில் நேர்ந்த இழப்பு நீங்கவில்லை. “அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட” கதை என்று ஊரிற் சொல்வது இதற்கு நன்கு பொருந்தும்.

தீர்மானிப்பவர் யார்?

பணம் எவ்வளவு என்பதைப் போலவே, அதனை எங்கே எதற்குச் செலவிடுவதென்று தீர்மானிப்பவர் யார் என்பதும் பெரிய கேள்வியாகும். 1970களின் தொடக்கத்திற் பிரிவு அபிவிருத்திச் சபைகள் மூலம் சிறு கைத்தொழில்களும் கமத்தொழில் முயற்சிகளும் ஊர்தோறும் தொடங்கப்பட்டன. 1974இல் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்ட அபிவிருத்திச் சபைகள் அமைந்து 1981 யூனில் அவற்றுக்குத் தேர்தலும் நடந்தது. அத்தேர்தல் நாட்களிலேதான் யாழ்ப்பாண நூல்நிலையம் தீக்கிரையானது. சபைகளோ போதிய நிதியும் அதிகாரமும் இன்றி மெலிந்தன.

1987 நவம்பரில் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தமும் மாகாண சபைகள் சட்டமும் நிறைவேறின. அத்திருத்தத்தின் ஒரு பிரிவு நிதி ஆணைக்குழுவைத் தாபித்தது. மத்திய வங்கி ஆளுநர், திறைசேரிச் செயலாளர் ஆகியோருடன் மூன்று பிரதான சமூகங்களின் பிரதிநிதிகளாக மூவர் அதில் அங்கம் வகிப்பர். மாகாணங்களுக்குப் பணம் பங்கிடும்போது நோக்கவேண்டியவை எவையென்றும் அது விதித்தது: மாகாணத்தின் சனத்தொகை, ஆளொருவர்க்கான வருமானம், சமூக, பொருளாதார வேற்றுமைகளைப் படிப்படியாகக் குறைக்கும் அவசியம், அதிக வருமானமுள்ள மாகாணத்துக்கும் ஏனையவற்றுக்கும் உள்ள தூரத்தைப் படிப்படியாகக் குறைக்கும் அவசியம். இந்நான்கையும் வாசிக்கும்போது, கிறகோரி காலத்து முறையின் குறையை, அதாவது தோளில்லாத ஊருக்குத் துருசில்லை என்னும் குறையை, சட்டத்தின் சொற்களேனும் நீக்க முயன்றன என்று எண்ணத் தோன்றுகின்றது. இவ்வகையில் சம்பளம் முதலிய நடைமுறைச் செலவுகளுக்கு ஒரு கொடையும், பாதை, குளம், பாடசாலை முதலிய முதலீட்டு வேலைகளுக்கு மாகாண விசேட அபிவிருத்திக் கொடையும் வகுக்கப்பட்டன.

சட்டம் ஒன்று, நடைமுறை வேறொன்று. வடமாகாணத்துக்கெனத் தனியாகத் தெரிவு செய்யப்பட்ட சபை 2013 செப்டெம்பர்த் தேர்தலுக்குப் பின்னரே அமைந்தது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அதன் பின் பல ஆண்டுகள் ஆளுநரின் நிருவாகமே நடைபெற்றது. தூரத்திலே தீர்மானிப்பதால் வரும் இடருக்கு நம் ஆற்றிலேயே சான்றுண்டு. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்ல ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு 2010இல் ஒரு திட்டம் அங்கீகரிக்கப்பட்டது. கிளிநொச்சிக் கமக்காரர் தம் வயலுக்கே நீர் போதாதென்று மறுத்தனர். யாழ்ப்பாணத்தாரின் தாகமும் உண்மை. கிளிநொச்சியாரின் அச்சமும் உண்மை. ஈற்றில் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. இரு சாராரையும் முதலிலேயே ஒரு பாயில் இருத்திப் பேசியிருந்தால் பல ஆண்டு மனக்கசப்பைத் தவிர்த்திருக்கலாம்.

போரும் அதன் பின்னும்

நடுவே போர் நம்மை வாரிச் சென்றது. 1997இல் தொடங்கிய ‘ஜயசிக்குறு’ நடவடிக்கையும், 1999 நவம்பரில் நிகழ்ந்த எதிர்த் தாக்குதலும், 2008இன் இறுதிச் சண்டைகளும் கண்டி வீதி ஓரத்து ஊர்களை மாறிமாறி வெறுமையாக்கின. கடைசி முறை ஊரைவிட்டுப் புறப்பட்டபோது யான் சிறுபிள்ளை. திரும்பி வந்தபோது வாய்க்கால்கள் தூர்ந்து, கட்டின்மேற் பற்றை மண்டியிருந்ததை நன்றாய் நினைவு கூருகின்றேன். 2009இன் பின் ‘வடக்கின் வசந்தம்’ என்றும், 2018இன் பின் ‘கம்பெரலிய’ என்றும் திட்டங்கள் வந்தன. வீதிகள் செப்பமாயின, மின்சாரம் வந்தது. இவற்றை நன்றியோடு குறிப்பிடல் முறை. ஆயினும் பெயர்ப்பலகை மட்டும் எஞ்சி நிற்கும் கட்டடங்களையும் யாம் கண்டிருக்கின்றோம். நாட்டப்பட்ட அன்று படம் எடுத்தவர்கள், அடுத்த வருடம் பூட்டைத் திறக்க யார் வருவார் என்று கேட்கவில்லை.

இன்னுமொரு காரணம் யாவரும் அறிந்திருந்தும் பேசாதது. அரசாங்கத்தின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசெம்பர் 31இல் முடிகின்றது. செலவாகாத ஒதுக்கீடு அன்றோடு காலாவதியாகும். மதிப்பீடு, அங்கீகாரம், கேள்விப்பத்திரம் என்று படிகள் ஏறிப் பணம் ஊருக்கு வரும்போது பல வேளைகளில் ஆண்டின் கடைப்பகுதியாகிவிடும். வன்னிக்கு மழை ஒக்டோபரிலிருந்து டிசெம்பர் வரை. குளம் நிறையும் மாதத்திற் கட்டிலே மண் போடுவது எங்ஙனம்? ஆகவே வேலை அவசரத்தில் அரைகுறையாகும். அன்றேல் பணம் திரும்பிப் போகும். நம் மழைக்கும் கொழும்புக் கணக்கேட்டுக்கும் இடையிலுள்ள இப்பொருத்தமின்மை எந்த அரசியற் பேச்சிலும் இடம்பெறுவதில்லை. ஆனால் சிறு குளங்களுக்கு அதனால் ஏற்படும் நட்டம் சிறிதன்று.

நாம் செய்யத்தக்கது

இதுவரை கூறியவற்றால் மூன்று உண்மைகள் புலனாகும். ஊராரின் பங்கும் சேர்ந்த மானியமே நிலைக்கின்றது. பயன்பெறுவோர் அருகிருந்து தீர்மானித்ததே பொருந்துகின்றது. விலையும் பராமரிப்பும் தொடராத உதவி ஒரு பருவத்தோடு உதிர்ந்துவிடுகின்றது.

அங்ஙனமாயின் இளைஞராகிய நாம் செய்யத்தக்கது யாது? முதலாவதாக, நம் சுற்றாடலிலுள்ள ஒவ்வொரு சிறு குளத்துக்கும் ஒரு குறிப்பேடு எழுதுவோம். கட்டின் நீளம், துருசின் நிலை, வான் பாயும் இடம், பாயும் வயலின் பரப்பு, எந்த ஆண்டில் எவர் என்ன திருத்தம் செய்தார் என்பனவற்றைப் பெரியோரிடம் கேட்டுப் பதிவோம். இரண்டாவதாக, 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் அங்கீகரிக்கும் கமக்காரர் அமைப்புகளோடு இணைந்து, அறுவடை முடிந்து நிலம் காயும் மாசி, பங்குனி மாதங்களுக்கு முன்னரே மதிப்பீடுகளை ஆயத்தமாக வைத்திருப்போம். எண்பது ஹெக்டயருக்குக் குறைந்த பாய்ச்சற் பரப்புள்ள குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தைச் சார்ந்தவை. ஆதலால் கதவு தட்டவேண்டிய இடமும் தூரத்தில் இல்லை. மூன்றாவதாக, வரும் பணத்தின் வரவையும் செலவையும் சங்க மண்டபத்துச் சுவரிலே எல்லோரும் காண எழுதி ஒட்டுவோம். கணக்கு மறைந்த இடத்தில் ஒற்றுமையும் மறைந்துவிடும்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். எங்களுட் பலர் கொழும்புக்கும் கடல்கடந்தும் போக நினைப்பதை நீங்கள் அறிவீர்கள். குளத்தின் சரித்திரத்தை அறியாதவன் அதை விட்டுச் செல்லும்போது எதனை விட்டுச் செல்கின்றோம் என்பதையும் அறியான். ஆதலால் எங்களை ஒருமுறையேனும் கட்டின்மேல் நடத்திச் சென்று, எந்த மண் யார் போட்டதென்று காட்டுங்கள்.

என் பேரனார் காட்டிய துருசு பழுதடைந்து நெடுநாளாயிற்று. புதிய துருசு கேட்டு விண்ணப்பம் எழுதியுள்ளோம். அது எப்போது வருமென்று சொல்வதற்கில்லை. ஆனால் சென்ற மாசியில் எங்கள் ஊர் வாலிபர் சிலர் கூடிக் கட்டின் பற்றையை வெட்டி, கரைந்த இடங்களுக்கு மண் போட்டோம். பேரனார் கதிரையொன்றிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். “உங்கட பங்கு முடிஞ்சுது” என்றார்.